புரொபேட் இல்லாமல் சொத்தைப் பிள்ளைகளுக்கு மாற்றுவது: எந்தச் சொத்துக்கு எந்த வழி

கேள்வி இதுதான்: அப்பாவுக்கு 71 வயது, அம்மா இருக்கிறார். சென்னையில் அப்பா பெயரில் ஒரு மாடி வீடு, ஊரில் தாத்தா வழியில் வந்த 2 ஏக்கர் நஞ்சை, வங்கியில் வைப்புத் தொகை, கொஞ்சம் பங்குகள். ஒரு மகன், இரண்டு மகள்கள். உயில் எழுதினால் பின்னால் உயர் நீதிமன்றத்தில் புரொபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) வாங்க அலைய வேண்டும் என்கிறார்கள். அந்த அலைச்சல் இல்லாமல் முடிக்க வழி உண்டா?

உண்டு. ஆனால் எல்லாச் சொத்துக்கும் ஒரே வழி கிடையாது. வீட்டுக்கு ஒன்று, நிலத்துக்கு ஒன்று, வங்கிப் பணத்துக்கு ஒன்று என்று பிரித்துத்தான் பார்க்க வேண்டும். (இங்கே சொல்வது இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்ட குடும்பத்துக்கு. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மாறும் இடங்களைக் கடைசியில் சொல்கிறேன்.)

முதலில் புரொபேட் பற்றிய பயத்தைத் தீர்த்துவிடலாம். உயில் என்றாலே புரொபேட் வேண்டும் என்பது தமிழ்நாடு முழுக்க ஒருபோதும் சட்டமாக இருந்ததில்லை. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவும் 57ஆம் பிரிவும் சேர்ந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் அதிகார எல்லைக்குள், அதாவது சென்னை நகருக்குள், எழுதப்பட்ட உயிலுக்கும், அந்த எல்லைக்குள் இருக்கும் அசையாச் சொத்தைப் பற்றிய உயிலுக்கும்தான் அதைக் கட்டாயமாக்கின. மதுரையில் எழுதி மதுரை வீட்டைக் கொடுத்த உயிலுக்குப் புரொபேட் தேவைப்பட்டதே இல்லை. அந்த 213ஆம் பிரிவையும் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் நீக்கிவிட்டது. ஆகவே இன்றைக்குச் சென்னை வீட்டைப் பற்றிய உயிலானாலும் புரொபேட் கட்டாயமில்லை.

அப்படியானால் உயிலே போதுமே என்று தோன்றும். போதாது. கட்டாயம் போனதே தவிர, சந்தேகம் போகவில்லை. உயில் என்பது எழுதியவர் இறந்த பிறகு பேசும் காகிதம். அது உண்மை என்று காட்ட, சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவராவது உயிரோடு வந்து சொல்ல வேண்டிய நிலை வரலாம். ஒரு பிள்ளை ஆட்சேபித்தால் தாசில்தார் பட்டா மாற்ற மாட்டார், ‘நீதிமன்றத்தில் தீர்த்துக்கொண்டு வாருங்கள்’ என்பார். வீட்டை வாங்க வருபவரின் வங்கி வழக்கறிஞர் ‘மற்ற வாரிசுகளும் கையெழுத்துப் போடட்டும்’ என்பார். இந்தச் சிக்கலுக்கு இடமே இல்லாமல் செய்ய, அப்பா இருக்கும்போதே உரிமையை மாற்றிவிடுவதுதான் வழி.

வீட்டுக்கு ஏற்றது தானசெட்டில்மென்ட் பத்திரம். பேச்சு வழக்கில் ‘செட்டில்மென்ட்’. பணம் வாங்காமல், அன்பின் பேரில், குடும்பத்தாருக்குச் சொத்தை எழுதிக் கொடுப்பது. தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய சலுகை இருக்கிறது. குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை சந்தை மதிப்பில் 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். 2023 ஜூலை 10க்கு முன் இவை 25,000, 4,000 என்று இருந்தன. பழைய தொகையை நம்பிப் பணம் எடுத்துப் போகாதீர்கள். வழிகாட்டி மதிப்பின்படி (பதிவுக்காக அரசு குறித்து வைத்திருக்கும் மதிப்பு) வீடு 60 லட்சம் என்றால் 1 சதவீதம் 60,000 வரும், ஆனால் கட்ட வேண்டியது 40,000. பதிவுக் கட்டணம் 10,000. மொத்தம் 50,000 ரூபாய். அதே வீட்டை விற்பனைப் பத்திரமாக எழுதினால் 7 சதவீதமும் 2 சதவீதமும் சேர்ந்து 5 லட்சத்து 40 ஆயிரம். மூன்று பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பத்திரம் என்றால் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் தனி.

‘குடும்பம்’ என்ற சொல்லில்தான் பலர் வழுக்குகிறார்கள். அப்பா, அம்மா, கணவன், மனைவி, மகன், மகள், பேரப்பிள்ளை வரை சலுகை உண்டு. மருமகளும் மருமகனும் அதில் இல்லை. மருமகள் பெயரில் எழுதினால் விற்பனைக்கு நிகரான 7 சதவீத முத்திரைத் தீர்வை கேட்பார்கள். மகன் பெயரில் எழுதி, பிறகு மகன் தன் மனைவிக்கு எழுதுவது செலவு குறைந்த வழி. ஆனால் இடையில் மகன் மனம் மாறினாலோ கடன்பட்டாலோ சொத்து அங்கேயே நின்றுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இப்போது பத்திரத்தின் உள்ளடக்கம். ஒரு தானம் செல்ல மூன்று விஷயம் வேண்டும்: பதிவு, குறைந்தது இரண்டு சாட்சிகள், கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே பெறுபவர் ஏற்றுக்கொள்வது. மூன்றாவதைத்தான் ஆவண எழுத்தர்கள் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். பெறும் பிள்ளையும் பத்திரத்தில் ‘சம்மதித்துப் பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போடுவது நல்லது. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு எழுதினால், அவர் ஏற்றதற்கு ஒரு மின்னஞ்சலாவது, வீட்டு வரி அவர் பெயருக்கு மாறிய ரசீதாவது இருக்கட்டும்.

உயிலுக்கும் செட்டில்மென்டுக்கும் உள்ள வேறுபாடு தலைப்பில் இல்லை, வாசகத்தில் இருக்கிறது. தலைப்பில் ‘தானசெட்டில்மென்ட்’ என்று போட்டுவிட்டு உள்ளே ‘என் காலத்துக்குப் பிறகு நீர் இந்தச் சொத்தை அடைந்து அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று மட்டும் எழுதியிருந்தால், நீதிமன்றம் அதை உயிலாகத்தான் படிக்கும். பதிவுச் செலவும் போய், தவிர்க்க நினைத்த உயில் சிக்கலும் திரும்பி வரும். எழுத வேண்டியது இந்தப் போக்கில்: ‘இன்றைய தேதியிலேயே இச்சொத்தின் சகல உரிமையும் உமக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஆயினும் எனது ஆயுள் வரையிலும், எனக்குப் பின் என் மனைவியின் ஆயுள் வரையிலும் இதில் குடியிருக்கவும் வாடகை வரும்படியை அனுபவிக்கவும் எங்களுக்கு உரிமை உண்டு. எங்கள் ஆயுளுக்குப் பின் நீர் சர்வ சுதந்திரமாய் அனுபவித்துக்கொள்ள வேண்டியது.’ உரிமை இன்றே போய்விடுகிறது, அனுபவம் மட்டும் நிற்கிறது. சுவாதீனம் கொடுக்காமல், அதாவது சொத்தைக் கையில் ஒப்படைக்காமல், இப்படி ஆயுள்கால அனுபவத்தை நிறுத்தி வைத்த தானமும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

மேலே உள்ள வாசகத்தில் ‘என் மனைவியின் ஆயுள் வரையிலும்’ என்ற சொற்களை இன்னொரு முறை பாருங்கள். அப்பா எழுதும் பத்திரங்களில் அடிக்கடி விடுபடுவது இதுதான். அப்பாவின் ஆயுள் வரை மட்டும் எழுதியிருந்தால், அவர் இறந்த மறுநாளிலிருந்து அம்மா அந்த வீட்டில் மகனின் தயவில் இருக்கிறார். சட்டப்படி அவருக்கு அந்த வீட்டில் எந்தப் பங்கும் இல்லை. ஏனென்றால் சொத்து அப்பாவின் மரணத்தின்போது அப்பாவுடையதாக இல்லை.

ரத்து செய்வது பற்றி. செட்டில்மென்ட் எழுதிப் பதிந்த பிறகு, எழுதியவர் தனியாகப் போய் ரத்துப் பத்திரம் பதிய முடியாது. முன்பெல்லாம் சார்பதிவாளர்கள் பதிந்துகொண்டிருந்தார்கள். 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்தக் கதவை அடைத்துவிட்டது. ஏமாற்றி வாங்கினார்கள், மிரட்டி வாங்கினார்கள் என்றால் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். இதற்குப் பயந்து சிலர் ‘தேவைப்பட்டால் நானே ரத்து செய்துகொள்ளும் உரிமை எனக்கு உண்டு’ என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அது பாதுகாப்பு அல்ல, வெடி. கொடுப்பவரின் இஷ்டப்படி ரத்து செய்யலாம் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட தானமே செல்லாது என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 126ஆம் பிரிவு. ‘என்றைக்கும் விற்கக் கூடாது’ என்ற நிபந்தனையும் உதவாது, ஆனால் அதன் கதி வேறு: தானம் நிற்கும், நிபந்தனை மட்டும் காற்றோடு போகும்.

உண்மையான பாதுகாப்பு வேறு இடத்தில் இருக்கிறது. 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. 60 வயதைக் கடந்தவர், தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் சொத்தை எழுதிக் கொடுத்து, பெற்றவர் கவனிக்காமல் விட்டால், வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். வழக்கறிஞர் வைக்காமலே மனுக் கொடுக்கலாம். நிபந்தனை பத்திரத்தில் இருந்தாக வேண்டுமா என்பதில் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் போயிருக்கின்றன. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்றது; 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு, சட்டத்தின் நோக்கத்தைப் பார்த்துத் தாராளமாகப் பொருள்கொள்ளச் சொன்னது. இந்த இழுபறியில் உங்கள் அப்பா மாட்டிக்கொள்ள வேண்டாம். உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் ஆகியவற்றை இன்னார் கவனித்துக்கொள்ள வேண்டும், தவறினால் 23ஆம் பிரிவின்படி நடவடிக்கை எடுக்கலாம் என்று ஒரு பத்தியை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். நல்ல பிள்ளைக்கு அந்தப் பத்தியால் ஒரு நட்டமும் இல்லை. கோபித்துக்கொள்ளும் பிள்ளைக்கு அது கட்டாயம் தேவை.

மூன்று பிள்ளைகளுக்கும் வீட்டை எப்படிக் கொடுப்பது? ‘ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு, பிரிவினை செய்யாமல்’ என்று எழுதுவது சுலபம். ஆனால் சண்டையைத் தள்ளிப்போடுகிறீர்களே தவிரத் தீர்க்கவில்லை. வீட்டை முழுதாக விற்க மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். மாடி வீடு என்றால் தளவாரியாகக் கொடுங்கள்: தரைத்தளம் இன்னாருக்கு, முதல் தளம் இன்னாருக்கு, அதோடு மனையில் இத்தனை சதுர அடி பிரிக்கப்படாத பாகம். மாடிப்படி, மொட்டை மாடி, ஆழ்துளைக் கிணறு, தண்ணீர்த் தொட்டி, வண்டி நிறுத்தும் இடம் யாருக்குப் பொது, மேலே கட்ட யாருக்கு உரிமை என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். மொட்டை மாடி உரிமையை எழுதாமல் விட்டுப் பின்னால் நீதிமன்றம் போகும் குடும்பங்கள் ஏராளம்.

இன்னொரு நுட்பம், பெரும்பாலானோர் யோசிக்காதது. சொத்தைப் பெற்றுக்கொண்ட பிள்ளை பெற்றோருக்கு முன்னால் இறந்துவிட்டால்? சொத்து அப்பாவுக்குத் திரும்பாது. மகன் என்றால் அவருடைய மனைவி, பிள்ளைகள், அம்மா ஆகியோருக்குப் போகும். பிள்ளையில்லாத மகள் என்றால் கணவருக்குப் போகும், கணவர் இல்லாவிட்டால் கணவரின் வாரிசுகளுக்கு. அப்பாவிடமிருந்து ‘வாரிசாக’ வந்த சொத்துக்கு அப்பா வழிக்கே திரும்பும் விதி இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் உண்டு. ஆனால் தானமாகவோ உயிலாலோ வந்ததற்கு அது பொருந்தாது. இதைத் தடுக்க வேண்டுமென்றால் பத்திரத்திலேயே மாற்று ஏற்பாடு எழுத வேண்டும். அந்த வாசகத்தை ஆவண எழுத்தரிடம் விடாமல் வழக்கறிஞரிடம் எழுதி வாங்குங்கள்.

பதியும் நாளில் கையில் இருக்க வேண்டியவை: மூலப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்கள், அண்மைய வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது, எழுதுபவர், பெறுபவர், சாட்சிகள் எல்லோருடைய ஆதார் அட்டை, பான் அட்டை. வீட்டுக்கடன் பாக்கி இருந்து மூலப் பத்திரம் வங்கியில் இருந்தால், வங்கியின் தடையின்மைச் சான்று இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். பத்திரத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பதிய வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவர் என்றால் சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைத்துப் பதிய வழி உண்டு, தனிக் கட்டணம் கட்ட வேண்டும்.

வயதானவரை ஒரு பிள்ளை மட்டும் காரில் அழைத்துப் போய்ப் பதிந்துவிட்டு வந்தால், அதுவே பின்னால் ‘வற்புறுத்தி வாங்கினான்’ என்ற வழக்குக்கு முதல் சாட்சியம். அதே வாரத்தில் ஒரு மருத்துவரிடம் மனத்தெளிவுச் சான்று வாங்கிவையுங்கள். மற்ற பிள்ளைகளையும் உடன் வைத்து, முடிந்தால் அவர்களையே சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். சாட்சிக் கையெழுத்து என்பது உள்ளடக்கத்துக்கு ஒப்புதல் ஆகாது என்பது சட்டம். ஆனாலும் ‘எனக்குத் தெரியவே தெரியாது’ என்று பிறகு சொல்வது கடினமாகும்.

பதிவு முடிந்தால் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். உட்பிரிவு (சர்வே எண்ணைப் பிரிப்பது) தேவைப்படாத சொத்து என்றால் பட்டா மாறுதல் பதிவோடு சேர்ந்தே நடக்கும், ஆனாலும் ஒரு மாதம் கழித்து இணையத்தில் பெயர் மாறியதா என்று பாருங்கள். பட்டா இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தால் தானியங்கி மாறுதல் நின்றுவிடும். வீட்டு வரி, குடிநீர் வரி, மின் இணைப்பு மூன்றையும் தனித்தனியாக மாற்ற வேண்டும்.

அடுத்து ஊர் நிலம். இங்கே செட்டில்மென்டுக்கு ஓடுவதற்கு முன், அது அப்பாவின் சொத்துதானா என்று கேளுங்கள். ‘தாத்தா சொத்து பேரனுக்கு’ என்று ஊரில் சொல்வார்கள். சட்டம் அவ்வளவு எளிதாக இல்லை. தாத்தா தானே சம்பாதித்து வாங்கிய நிலம், அவர் 1956க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்து அப்பாவுக்கு வந்திருந்தால், அது அப்பாவின் தனிச் சொத்து. பேரனுக்கு அதில் பிறப்புரிமை இல்லை. அப்பா இஷ்டப்படி எழுதலாம். மாறாக, பூர்வீகச் சொத்தாக வந்து பாகப்பிரிவினையில் அப்பாவுக்குக் கிடைத்தது என்றால், அதில் மகனுக்கும் மகள்களுக்கும் பிறப்பிலேயே பங்கு. தமிழ்நாடு 1989இல் திருமணமாகாத மகள்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் எல்லா மகள்களுக்கும் மத்தியச் சட்டம் கொடுத்தது. அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும், தேவையில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்த்துவிட்டது. இப்படிப்பட்ட நிலத்தை அப்பா மகனுக்கு மட்டும் செட்டில்மென்ட் எழுதினால், மகள்களின் பங்கு அளவுக்கு அது நிற்காது.

முதல் வகையிலும் ஒரு பள்ளம் உண்டு. தாத்தா உயில் இல்லாமல் இறந்தார் என்றால் அப்பா மட்டும் வாரிசு அல்ல. அத்தைகளும், அன்றைக்கு இருந்திருந்தால் பாட்டியும் பங்குதாரர்கள். பட்டா அப்பா பெயரில் இருக்கிறது என்பதால் அத்தைகளின் பங்கு மறைந்துவிடாது. பட்டா வருவாய்த் துறையின் பதிவுதான், உரிமைப் பத்திரம் அல்ல. அத்தைகளிடம் விடுதலைப் பத்திரம் வாங்குவதுதான் தீர்வு: ‘எனக்குள்ள பாகத்தை இன்னாருக்கு விடுதலை செய்து கொடுத்தேன்’ என்ற பதிவு ஆவணம். குடும்பத்துக்குள் இதற்கும் அதே 1 சதவீதம், அதே உச்சவரம்புகள். அத்தைகள் உயிரோடு இருக்கும்போதே இதை முடியுங்கள். அவர்களுக்குப் பிறகு அவர்களுடைய பிள்ளைகள் அத்தனை பேரையும் பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும், அதில் ஒருவர் எப்படியும் துபாயில் இருப்பார்.

எல்லோர் பங்கும் தெளிவானபின், நிலத்துக்குப் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரமே சிறந்தது. அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போடும் ஒரே ஆவணம். ‘அ’ ஷெட்யூல் இன்னாருக்கு, ‘ஆ’ ஷெட்யூல் இன்னாருக்கு என்று பிரியும். கட்டணம் பங்குவாரியாகக் கணக்கிடப்படும், ஒவ்வொரு பங்குக்கும் 1 சதவீதம், 40,000 உச்சவரம்பு. சர்வே எண், உட்பிரிவு எண், ஏர்ஸிலும் சென்டிலும் பரப்பு, நான்கு எல்லை என்பதோடு நிறுத்தாமல் வண்டிப் பாதை எத்தனை அடி, கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, மின்மோட்டார் முறை எந்தெந்த நாள், வாய்க்கால் தண்ணீர் எந்தப் பக்கமாகப் போகும் என்பதையும் எழுதுங்கள். சர்வேயரை வைத்து அளந்து, கல் நட்டபிறகு பத்திரம் எழுதினால் உட்பிரிவு செய்யும்போது பரப்பு உதைக்காது.

வெள்ளைத் தாளில் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதிய கூர்ச்சீட்டு (பங்கு பிரித்த சீட்டு) போதாதா என்று கேட்பார்கள். முன்னாலேயே வாய்மொழியாகப் பிரித்து அனுபவித்து வந்ததை நினைவுக்காகக் குறித்து வைத்தது என்றால் பதிவு இல்லாமலும் அதற்கு மதிப்பு உண்டு. அந்தத் தாளாலேயே பிரிவினை நடந்தது என்றால் பதிவு கட்டாயம். நடைமுறையில் உட்பிரிவு செய்து பட்டா கேட்டாலும், வங்கியில் கடன் கேட்டாலும் பதிவுப் பத்திரத்தைத்தான் கேட்பார்கள்.

வங்கிப் பணம் எளிது. எல்லா வைப்புகளுக்கும் நாமினி போட்டிருக்கிறதா என்று ஒரு நாள் உட்கார்ந்து சரிபார்த்தால் போதும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு 4 நாமினிகள் வரை போடலாம்; ஆளுக்கு இத்தனை சதவீதம் என்றும் பிரிக்கலாம், ஒருவர் இல்லாவிட்டால் அடுத்தவர் என்று வரிசையாகவும் வைக்கலாம். லாக்கருக்கு வரிசை முறை மட்டும்தான். அம்மாவோடு கூட்டுக் கணக்கு என்றால் ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்’ என்ற முறையில் இருக்கட்டும். ‘இருவரும் சேர்ந்து’ என்று இருந்தால் ஒருவர் போனபின் பணம் சிக்கும்.

ஆனால் நாமினி உரிமையாளர் அல்ல. வங்கி யாரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுத் தன் பொறுப்பை முடித்துக்கொள்ளலாம் என்பதற்கான பெயர்தான் அது. மகன் நாமினி என்றால் பணம் அவர் கைக்கு வரும். உயில் இல்லாத நிலையில் அதில் அம்மாவுக்கும் சகோதரிகளுக்கும் பங்கு உண்டு. பங்குகளுக்கும் இதேதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. டீமேட் கணக்குக்கும் மியூச்சுவல் ஃபண்டுக்கும் இப்போது 10 நாமினிகள் வரை போடலாம், சதவீதத்தோடு. ஆயுள் காப்பீடு மட்டும் விதிவிலக்கு: 2015 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அவர்களே அந்தப் பணத்துக்கு உரியவர்கள். ஆக, சண்டையில்லாமல் ஒருவருக்கே போய்ச் சேர வேண்டிய பணம் என்றால் காப்பீடு நல்ல பாத்திரம்.

நாமினி இல்லாமலே இறந்துவிட்டால்? ரிசர்வ் வங்கி 2025இல் வெளியிட்ட விதிகளின்படி, வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரை, கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் வரை, உயிலோ தகராறோ இல்லாதபோது, நீதிமன்றச் சான்று கேட்காமல் கொடுக்க வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், ஈட்டுறுதிப் பத்திரம் (பின்னால் நட்டம் வந்தால் ஈடுசெய்வேன் என்ற உறுதி) போதும். எல்லாக் காகிதமும் கொடுத்த 15 நாளுக்குள் முடிக்க வேண்டும்.

வாரிசுச் சான்றிதழ் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தாசில்தார் தருவது யார் யார் வாரிசு என்று காட்டும் காகிதம் மட்டுமே, பங்கைத் தீர்மானிக்காது. மகன் இறந்த வழக்குகளில் மனைவி, பிள்ளைகளின் பெயரை மட்டும் எழுதி, இறந்தவரின் தாயை விட்டுவிடுகிறார்கள். தாய் முதல் வகுப்பு வாரிசு. அவர் பெயரை விட்டு வாங்கிய சான்றிதழை வைத்து விற்ற சொத்து, வாங்கியவர் தலையில் வழக்காக வந்து விழும்.

வரி விஷயம் சுருக்கமாக. இந்தியாவில் 1985க்குப் பிறகு வாரிசு வரி கிடையாது. பெற்றோரிடமிருந்து பெறும் தானத்துக்குப் பிள்ளைகள் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. பிள்ளை பிறகு விற்கும்போது அப்பா வாங்கிய விலையும் வாங்கிய தேதியும்தான் மூலதன ஆதாயக் கணக்குக்கு அடிப்படை. ஆகவே அப்பாவின் பழைய பத்திரத்தையும் கட்டுமான ரசீதுகளையும் எறிந்துவிடாதீர்கள். மனைவிக்கோ மருமகளுக்கோ எழுதிக் கொடுத்த வீட்டின் வாடகை, எழுதிக் கொடுத்தவரின் வருமானத்திலேயே சேரும்.

நகைக்குப் பத்திரம் வேண்டாம். கையில் கொடுத்து, அவர் வாங்கிக்கொண்டாலே தானம் முடிந்தது. யாருக்கு எது, எத்தனை கிராம் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டால் பின்பேச்சு குறையும்.

முஸ்லிம் குடும்பங்களில் ஹிபா, அதாவது உயிரோடு இருக்கும்போதே கொடுக்கும் தானம், வாய்மொழியாகவே செல்லும்: கொடுக்கிறேன் என்ற அறிவிப்பு, ஏற்பு, சுவாதீனம் ஒப்படைப்பு மூன்றும் இருக்க வேண்டும். மூன்றாவது இல்லாத ஹிபா நிற்காது. வாரிசு அல்லாதவருக்கு உயிலால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க முடியாது என்பதால் ஹிபாவின் தேவை அங்கே கூடுதல். இந்தியக் கிறிஸ்தவர்களின் உயிலுக்குப் புரொபேட் கட்டாயம் 2002லேயே நீங்கிவிட்டது. அவர்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை என்ற சிக்கலும் இல்லை. செட்டில்மென்ட் நடைமுறை மேலே சொன்னதேதான்.

பவர் பத்திரத்தை இதற்குப் பயன்படுத்த நினைக்காதீர்கள். ‘அப்பா எனக்குப் பொது அதிகாரப் பத்திரம் கொடுத்துவிட்டார், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பவர்களுக்கு: கொடுத்தவர் இறந்த நொடியில் அந்தப் பவரும் இறந்துவிடுகிறது. அதை வைத்து அடுத்த வாரம் எழுதும் விற்பனைப் பத்திரம் செல்லாது, குற்ற வழக்கும் வரலாம்.

இவ்வளவும் செய்தபின்னும் ஒரு சிறு உயில் எழுதிவைக்கச் சொல்வேன். புதிதாக வந்த பணம், மறந்துபோன பங்கு, நாமினி பெயரில் வரும் தொகையை யார் வைத்துக்கொள்வது என்பதற்கெல்லாம் அது வேண்டும். இரண்டு பக்கம் போதும், எழுதுபவரைவிட இளையவர்களாக இரண்டு சாட்சிகள். வண்டி இருந்தால், இறந்த 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி, 3 மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். காப்பீட்டையும் அதோடு மாற்றிவிடுங்கள். இறந்தவர் பெயரில் ஓடும் பாலிசியில் விபத்து இழப்பீடு கேட்கும்போது இழுத்தடிப்பார்கள்.